நூறாவது பெயர்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் மாமனார் ஸ்டூலின் மேல் ஏறி நின்று கடை வாசலில் போர்டு மாட்டிக்கொண்டிருந்தார். அவர் இறங்கிவிட்டார். போர்டு இன்னும் இறங்கவில்லை. பார்க்காதவர்களுக்காக அதை இன்னொரு முறை படித்துவிடலாம்: 'இரும்புத் தீவு 3 - எங்கள் வீட்டுப் பெண்ணே சோதித்துப் பார்த்த கேம்! இன்றே முன்பதிவு செய்யுங்கள்!'

வீட்டுப் பெண் என்றால் மாமனாரின் ஒரே மகள். வயது இருபத்தெட்டு ஆகிறது, வீட்டில் இன்னும் பாப்பாதான். வீடியோ கேம் தயாரிக்கிற கம்பெனியில், வெளிவருவதற்கு முன்னால் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஆடி ஆடிப் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. "சம்பளம் கொடுத்து விளையாடச் சொல்றாங்க!" என்று மாமனார் போகிற வருகிறவர்களிடமெல்லாம் பூரித்துப்போவார். ஒரே சுவரில் நானூறு தடவை மோதிப் பார்ப்பதை விளையாட்டு என்று பாப்பா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

வீடியோ கேம் விற்கிற அந்தக் கடை மாமனாருடையது. அதன் கவுண்டரில் பதினோரு வருடமாக நிற்பவள் மருமகள். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அவள் கவுண்டரக்கா. அறுபது வயது ஆசாமியும் அப்படித்தான் கூப்பிடுவார். பின்பக்க மேஜையில் குனிந்த தலை நிமிராமல் கன்ட்ரோலர் ரிப்பேர் பார்ப்பவன் அவள் கணவன், ஸ்க்ரூ அண்ணன். ஒரு நாளைக்கு அவன் பேசுகிற வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் மாமனார் அறிவித்தது இதுதான்: "சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நூறு முன்பதிவு. நூறு சேர்ந்தா பாப்பாவோட கம்பெனி நமக்கு ரெண்டாவது கடைக்கு அனுமதி கொடுக்குது. அந்தக் கடை முழுசா மருமக பொறுப்பு. பேப்பரும் அவ பேர்லதான். நான் சொன்னா சொன்னதுதான்."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். இன்னொருவர் கடையில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோனவளுக்கு, தன் பெயரில் ஒரு கடை. வாய்விட்டுக் கேட்காமல் மனசுக்குள் அவள் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

இன்றைக்குச் சனிக்கிழமை.

காலை ஒன்பது மணிக்கு அவள் ஷட்டரைத் தூக்கி, கண்ணாடி அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தாள். அலமாரியில் தொண்ணூற்றாறு காலி டப்பாக்கள். இது மாமனாரின் கண்டுபிடிப்பு. முன்பணம் கட்டியவரின் பெயரைத் தடித்த மார்க்கரில் எழுதி, கேம் டப்பாவுக்குள் செருகி, தெருவைப் பார்த்து அடுக்கிவிடுவார். உள்ளே ஒன்றும் இருக்காது. அதனால் என்ன, ஆட்கள் தங்கள் பெயரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதைப் பார்த்து அவர்களுடைய சிநேகிதர்கள் வருகிறார்கள். மாமனாருக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

முதல் டப்பாவில் 'பாப்பா' என்று எழுதியிருந்தது. ராசிக்காக மகள் பெயரில் ஆரம்பித்தாராம்.

அந்தப் பாப்பாதான் இப்போது வேகமாகப் படியேறி வந்தாள். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் ஆடியது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அண்ணி, அப்பா வந்துட்டாரா?"

"பேங்குக்குப் போயிருக்கார். என்ன பாப்பா, ஆபீஸ் போகலையா?"

"போற வழிதான். அந்த முதல் டப்பாவை எடுங்க."

"எது?"

"என் பேர் போட்டிருக்கறது. எனக்கு அந்த முன்பதிவு வேண்டாம். கேன்சல் பண்ணுங்க."

கவுண்டரக்கா சிரித்தாள். "ஏன்டீ, ஆபீஸ்ல இனாமா ஒண்ணு கொடுத்துட்டாங்களா?"

பாப்பா சிரிக்கவில்லை. "கேன்சல் பண்ணுங்க அண்ணி. வாசல்ல இருக்கற போர்டையும் எடுத்துடுங்க. அப்பாகிட்ட நாலு நாளா கெஞ்சிட்டேன். காதுலயே போட்டுக்க மாட்டேங்கறார்."

"என்ன ஆச்சு? அந்த கேம்ல ஏதாவது…"

"அண்ணி." பாப்பா அடையாள அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "உள்ள நடக்கற எதையும் வெளிய சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். நல்லா இருக்குன்னும் சொல்லக்கூடாது, நல்லா இல்லைன்னும் சொல்லக்கூடாது. என்னை எதுவும் கேக்காதீங்க. என் பேரை மட்டும் எடுங்க."

அவ்வளவுதான். வந்த வேகத்தில் போய்விட்டாள்.

கவுண்டரக்கா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஹோட்டல்காரர் தன் ஹோட்டலில் சாப்பிடாமல் பக்கத்து ஹோட்டலுக்குப் போவதைப் பார்த்துவிட்டால், அதற்கப்புறம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

இரும்புத் தீவு இரண்டாம் பாகம் அவளுக்கு மறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், "கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்று எழுபது பேர் தலையில் கட்டினாள். வெளிவந்த அன்று பார்த்தால், ஆட்டத்தில் பாதிப் பேருக்கு முகமே இல்லை. கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் மிதந்தன. ஆடிச் சேமித்து வைத்த கட்டமெல்லாம் அடுத்த நாள் அழிந்துபோயிருந்தது. கம்பெனி, "சரிசெய்கிறோம், பொறுத்திருங்கள்" என்றது. பிரித்த டப்பாவைக் கடை திரும்ப வாங்காது. மாமனார் மூன்று நாள் குடோனில் சரக்கு எண்ணப் போய்விட்டார். திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டவள் இவள்.

திட்டியவர்களை அவள் மறந்துவிட்டாள். திட்டாத ஒருவரைத்தான் மறக்க முடியவில்லை. லாரி டிரைவர். அந்த ஆட்டத்துக்காக மூன்று நாள் லீவு போட்டவர். டப்பாவைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "நீங்க சொன்னீங்களேன்னு வாங்கினேன்க்கா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவர் கடைப் பக்கமே வரவில்லை.

கவுண்டரக்கா பாப்பாவின் சீட்டை உருவிக் கிழித்தாள். தொண்ணூற்றைந்து.

போர்டையும் எடுத்திருக்கலாம். ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தது. ஏறக் காலும் இருந்தது. மாமா வரட்டும், சொல்லிவிட்டு எடுக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை அது இல்லை. இன்னும் ஐந்து பெயர்தான் பாக்கி, அந்தப் போர்டுதான் ஆளை இழுக்கிறது. இரண்டாவது கடை கண்ணுக்கு முன்னால் நின்றது. அவள் நல்லவள்தான், ஆனால் ஆசை இல்லாதவள் இல்லை.

பகல் முழுக்க ஆள் வந்தபடி இருந்தது. மாமனார் பேங்கிலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"முன்பதிவு பண்றவங்களுக்கு மட்டும் தங்க வாள்! அப்புறம் வந்து கேட்டா கிடைக்காது! சரக்கு தீர்ந்துடும்!"

தங்க வாள் என்றால் ஆட்டத்துக்குள் வருகிற வாள். கையில் பிடிக்க முடியாது, விற்க முடியாது, அதை வைத்து ஒரு வெங்காயம் நறுக்க முடியாது. இருந்தாலும் தங்கம் என்று சொன்னால் மனிதர்கள் நின்றுவிடுகிறார்கள்.

மதியத்துக்குள் இரண்டு பேர் கட்டினார்கள். மூன்று மணிக்கு அண்ணன் தம்பி இருவர் வந்து, பெயரைப் பெரியதாக எழுதச் சொல்லி ஆளுக்கொன்று கட்டினார்கள். நல்லா இருக்குமா என்று நாலு பேரில் யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம் அவளும் சொல்லவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தாள், டப்பா அடுக்கினாள், ஒவ்வொரு டப்பாவுக்கும் நெஞ்சில் ஒரு கல் ஏறியது.

தொண்ணூற்றொன்பது.

நாலேகாலுக்கு நர்ஸம்மா வந்தார்.

வருடத்துக்கு ஒரே ஒரு கேம் வாங்குகிறவர். ஆஸ்பத்திரியில் பத்து மணி நேரம் ஓடிவிட்டு வீட்டுக்குப் போய், காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடுவாராம். "அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னை சிஸ்டர்னு கூப்பிட மாட்டாங்க" என்று ஒருமுறை சொன்னார். பக்கத்து ஷோரூமில் விலை குறைவு என்று தெரிந்தும் இங்கேதான் வருவார்.

"அக்கா, தீவு மூணு. கட்டிடலாமா?" என்று பர்ஸை எடுத்தவர், எடுத்த கையோடு கேட்டார்: "நல்லா இருக்கும்தானே?"

பின்பக்க மேஜையில் ஸ்க்ரூ டிரைவர் சத்தம் நின்றது.

பதினோரு வருடமாக அவள் வாயில் தயாராக இருக்கிற பதில் ஒன்று உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்தப் பதில் தொண்டைவரை வந்தது. வந்து நின்றுவிட்டது. கேட்காதவர்களிடம் சும்மா இருக்க முடிந்தது. முகத்தைப் பார்த்துக் கேட்பவரிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"வேண்டாம்," என்றாள்.

"என்னக்கா?"

"இப்ப கட்டாதீங்க. வெளிய வரட்டும். ஒரு பத்து நாள் பொறுங்க. ஆடினவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. நல்லா இருந்தா வாங்க, நானே எடுத்து வச்சுத் தரேன்."

நர்ஸம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "உங்க வீட்டுப் பொண்ணே பார்த்த கேம்னு வெளிய போட்டிருக்கே?"

"அந்தப் போர்டை நம்பாதீங்க."

சொல்லிவிட்டாள். நெஞ்சிலிருந்த கல் அத்தனையும் இறங்கிய மாதிரி இருந்தது. நர்ஸம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "கடைக்காரங்களே இப்படிச் சொல்லி இப்பதான்க்கா கேக்கறேன்" என்று பர்ஸை மூடிக்கொண்டு போனார்.

அவர் போன இடத்தில் மாமனார் நின்றார்.

"நூறாவது ஆள்," என்றார். "கையில காசோட வந்த நூறாவது ஆளு. திருப்பி அனுப்பிட்டே."

"கேட்டாங்க மாமா. சொன்னேன்."

"என்ன தெரியும் உனக்கு? நீ அந்த கேமைப் பார்த்தியா?"

"நான் பார்க்கலை. நீங்க பார்த்தீங்களா? காசு கட்டின தொண்ணூத்தொம்போது பேர் பார்த்தாங்களா? தக்காளி வாங்கினா அமுக்கிப் பார்க்கறோம். சட்டை வாங்கினா போட்டுப் பார்க்கறோம். இதுக்கு மட்டும் எதுக்கு மாமா பார்க்காமலே காசு கட்டணும்?"

"எல்லாக் கடையிலயும் இதான் வழக்கம்!"

"சரக்கு தீர்ந்துடும்னு கத்தறீங்களே. போன தடவை தீர்ந்துச்சா? மாடிப்படிக்குக் கீழ இன்னும் முப்பது டப்பா கிடக்கு. கூட்டும்போதெல்லாம் கால்ல இடிக்குது."

மாமனாருக்கு மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் அவர் பேசியதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"இங்க பாரும்மா. முன்பதிவைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரன் நமக்கு டப்பா அனுப்புவான். அந்தப் பெரிய ஷோரூம்காரன் கேக்காமலே ஐநூறு எடுப்பான். வெளிவர்ற அன்னிக்கு நம்மகிட்ட இல்லைன்னா எவன் இந்தப் படியேறுவான்? முன்பதிவு இல்லைன்னா நாலே வருஷத்துல இந்தக் கடையை மூடிட்டுப் போயிருப்போம். இதுலதான் நம்ம வீட்டு அடுப்பு எரியுது."

"எரியுது மாமா. இல்லைன்னு நான் சொல்லலை. நீங்க குடோனுக்குப் போயிடுவீங்க. கவுண்டர்ல நின்னு அவங்க முகத்தைப் பார்க்கறவ நான்."

மாமனார் வாயைத் திறந்தார். வந்த பதிலை மென்று முழுங்கினார். ஏனென்றால் படியில் டை கட்டிய ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். கம்பெனியின் விற்பனை அதிகாரி. மணி நாலே முக்கால்.

"வாங்க சார், வாங்க வாங்க!" மாமனாரின் முகம் ஒரே நொடியில் மாறியது. அந்தத் திறமைக்குத் தனியாக ஒரு பரிசு கொடுக்கலாம்.

அதிகாரி டேப்லட்டைத் தட்டினார். "தொண்ணூத்தொம்போது. அடடா, ஒண்ணு குறையுதே முதலாளி."

"எங்க சார் குறையுது? எங்க மருமக பேர்லயே ஒண்ணு போடுங்க. அவளுக்கும் ஆடிப் பார்க்கணும்னு ஆசை. இல்லையாம்மா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவளுடைய நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். அதிகாரி அழுத்தினார். கவுண்டரின் மேல் இருந்த அவள் போன் அதிர்ந்தது. ஆறு இலக்க ஓடிபி. இரண்டு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும்.

"சொல்லுங்கம்மா," என்றார் அதிகாரி.

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். ஆறு எண்கள். அந்த ஆறு எண்களுக்கு அந்தப் பக்கம் அவளுடைய கடை. எங்கே எந்த அலமாரி, கவுண்டர் எவ்வளவு உயரம், நிற்கிறவளுக்கு ஒரு நாற்காலி எங்கே, எல்லாம் பதினோரு வருடமாக மனசுக்குள் கட்டி முடித்த கடை. வாயைத் திறந்து படித்தால் போதும்.

"நம்பர் வந்துச்சா?" என்றார் மாமனார்.

"வந்துச்சு."

"சொல்லேன்."

"மாட்டேன்."

அவள் போனைக் கவுண்டரில் வைத்தாள்.

"எனக்கு அந்த கேம் வேண்டாம் சார்," என்றாள் அதிகாரியைப் பார்த்து. "வேண்டாத பொருளுக்கு என் பேரைக் கொடுக்க மாட்டேன். வேண்டாம்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு, பின்னாடியே நான் கையெழுத்துப் போட்டா என்னை என்னன்னு சொல்றது?"

"உன் கடைம்மா அது!" மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "உனக்காகத்தானே இத்தனையும்!"

"தெரியும் மாமா. அப்பவும் மாட்டேன்."

இரண்டு நிமிடம் அவ்வளவு நீளமானது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. திரையில் இருந்த எண் காலாவதியானது.

அதிகாரி சங்கடமாக இருமினார். மாமனார் திரும்பினார், பின்பக்க மேஜையைப் பார்த்து.

"டேய்! உன் நம்பரைப் போடறேன். ஓடிபி வந்தா சொல்லுடா."

ஸ்க்ரூ அண்ணன் தலையை நிமிர்த்தினான். அவனுடைய போன் அதிர்ந்தது. கவுண்டரக்கா அவனைப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் அவனிடம் அவள் எதையும் கேட்டதில்லை. இப்போதும் வாயால் கேட்கவில்லை. பார்வையால் கெஞ்சினாள்.

அவன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். பிறகு ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தான்.

"நூறு!" என்று அதிகாரி கைகொடுத்தார். "வாழ்த்துக்கள் முதலாளி. ரெண்டாவது கடைக்கு அனுமதி உறுதி."

அவளுக்குக் கண் பொங்கியது. அடக்கிக்கொண்டாள். இவர்கள் முன்னால் அழுவதாக இல்லை.

மாமனார் கோபக்காரர்தான், ஆனால் வாக்கு தவறுகிறவர் இல்லை. அதோடு, இந்தக் குடும்பத்தில் கவுண்டரில் நின்று ஆளைப் பிடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதும் அவருக்குத் தெரியும். திட்டுகிற தொனியிலேயே சொன்னார்:

"சொன்னா சொன்னதுதான். நூறு ஆச்சு. கடை உன்னோடது. சார், பேப்பர்ல மருமக பேரையே எழுதுங்க."

"சந்தோஷம்மா," என்றார் அதிகாரி. "புதுக் கடையிலயும் இதே மாதிரி முன்பதிவைக் குவிச்சுடணும்."

"அங்க முன்பதிவு கிடையாது சார்."

அதிகாரியின் பேனா நின்றது.

"கேம் வந்ததும் ஒரு டப்பாவை நான் காசு கொடுத்து வாங்குவேன். கடையிலயே போட்டு, வர்றவங்க எல்லாரையும் ஆடிப் பார்க்கச் சொல்லுவேன். பிடிச்சவங்க வாங்கட்டும். பிடிக்காதவங்க தண்ணி குடிச்சுட்டுப் போகட்டும்."

"அப்படி ஒரு கடைக்கு நாங்க சரக்கு கொடுக்கறது கஷ்டம்மா," என்று அவர் சிரித்தார்.

"கஷ்டம்னா கொடுக்காதீங்க. வேற கம்பெனி கேம் போடும். நல்ல கேமா பண்ணுங்க சார், பார்த்துட்டே ஐநூறு பேர் வாங்குவாங்க. அப்ப நானே உங்ககிட்ட வந்து நிப்பேன்."

அவர் சிரித்தபடியே பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பெண் ஏதோ கோபத்தில் பேசுகிறாள், நாளைக்கு வழிக்கு வந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார். மாமனார் அவரை வழியனுப்பப் படியிறங்கினார்.

ஸ்க்ரூ அண்ணன் மெல்ல எழுந்து வந்தான். "உனக்காகத்தான் சொன்னேன். எத்தனை வருஷம் ஆசைப்பட்டே. உன் பிடிவாதத்துல அது போயிடக்கூடாதுன்னு…"

"எனக்காகன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

கோபம் ஒரு பக்கம், கடை கிடைத்துவிட்ட சந்தோஷம் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து அவளைப் பாடாய்ப் படுத்தின. கடை கிடைத்தது நிஜம். வேண்டாம் என்று நின்ற வழியிலேயே கிடைத்தது என்பதுதான் முள்ளாகக் குத்தியது.

கையெழுத்துப் போட்டு பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. போன் அடித்தது. பாப்பா.

"அண்ணி…" அந்தப் பக்கம் அழுகையை அடக்குகிற மூச்சு. "நீங்க இன்னிக்கு யார்கிட்டயாவது ஏதாவது சொன்னீங்களா?"

தூக்கிவாரிப்போட்டது. "ஏன்? என்ன ஆச்சு?"

"ஒரு நர்ஸாம். நம்ம போர்டை போட்டோ எடுத்துப் போட்டு, 'சோதிச்ச பொண்ணோட கடையிலயே வாங்காதீங்கன்னு சொல்றாங்க'ன்னு எழுதியிருக்காங்க. நல்ல எண்ணத்துலதான் போட்டிருப்பாங்க. ஆயிரக்கணக்கான பேர் பார்த்துட்டாங்க அண்ணி. உள்விஷயத்தை நான்தான் வெளிய சொல்லிட்டேன்னு ஆபீஸ்ல நினைக்கறாங்க. என் அட்டையை வாங்கி வச்சுக்கிட்டாங்க. திங்கட்கிழமை விசாரணை. வேலை போயிடும் அண்ணி."

அவள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையே!"

"சொல்லலை. ஒரு வார்த்தை சொல்லலை. நானா யோசிச்சேன், நானா பேசினேன். காலையிலயே அந்தப் போர்டை எடுன்னு நீ கெஞ்சினே. ஆசையில எடுக்காம விட்டதும் நான்தான்." நிமிர்ந்து நின்றுகொண்டாள். "அதை நான் அங்க வந்து சொல்றேன்."

"வராதீங்க!" பாப்பா அலறியேவிட்டாள். "அங்க உட்காரப் போறது அதே கம்பெனிதான். நீங்கதான் வாங்காதீங்கன்னு சொன்னதுன்னு தெரிஞ்சா, கொடுத்த அனுமதியை அன்னிக்கே கிழிச்சுப் போட்டுடுவாங்க. அப்பா போன் பண்ணிச் சொன்னார், இப்பதான் உங்க பேர்ல கையெழுத்து ஆச்சுன்னு. உங்க கடை போயிடும் அண்ணி. என்னால உங்க கடை போகக்கூடாது."

மாமனார் வழியனுப்பிவிட்டுப் படியேறி வந்துகொண்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பாக. கையில் கம்பெனி முத்திரை வைத்த அந்தப் பேப்பர். அவளுடைய பெயர் இருக்கிற பேப்பர். ஸ்க்ரூ அண்ணன் எதுவும் புரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கவுண்டரக்கா இருவரையும் பார்த்தாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"திங்கட்கிழமை எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லு பாப்பா," என்றாள்.